படிக்காமல் போட்ட கையெழுத்து

ஒப்பந்தச் சட்டம் சிறு வணிகருக்கு எங்கே துணை நிற்கிறது, எங்கே கைவிடுகிறது? பினாங்கிலிருந்து ஒரு சிறப்புக் கட்டுரை

பினாங்கு ஸ்திரீட்டில் காலை ஒன்பது மணி. இரும்புக் கதவுகள் ஒவ்வொன்றாக மேலே ஏறுகின்றன. பூக்கடையில் மல்லிகைச் சரத்துக்குத் தண்ணீர் தெளிக்கிறார்கள். எதிர்ச்சாரியில் பாட்டுக்கடை ஸ்பீக்கர் முதல் பாட்டைத் தொடங்கிவிட்டது. மளிகைக்கடை ஒன்றின் கல்லா மேசையில், மசாலாப் பொட்டலங்களுக்கு நடுவே, பதினான்கு பக்க ஆங்கில வாடகை ஒப்பந்தம் கிடக்கிறது. கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் மஞ்சள் சீட்டு ஒட்டியிருக்கிறது. உரிமையாளர் தரப்பு ஏஜெண்ட் பேனாவை நீட்டுகிறார்.

“எல்லாம் போன தடவை மாதிரிதானே தம்பி?”

“அதேதான் அங்கிள். வாடகை மட்டும் கொஞ்சம் ஏறியிருக்கு. இங்க ஒன்னு, இங்க ஒன்னு, கடைசிப் பக்கத்துல ஒன்னு.”

கையெழுத்து விழுகிறது. அதன்மேல் கம்பெனி சாப்பும் விழுகிறது. தம்பிக்கு ஒரு டீ சொல்லிவிட்டுக் கடைக்காரர் வாடிக்கையாளரைப் பார்க்கப் போய்விடுகிறார்.

இது எந்தக் கடை என்று கேட்க வேண்டாம். மார்க்கெட் ஸ்திரீட், குவீன் ஸ்திரீட், சூலியா ஸ்திரீட் என்று எங்கே நடந்தாலும், பட்டர்வொர்த்துக்குப் படகேறிப் போனாலும் இந்தக் காட்சி உண்டு. அந்தப் பதினான்கு பக்கத்துக்குள் கடைக்காரரின் அடுத்த மூன்று வருடம் இருக்கிறது. கட்டடத்தை விற்றால் அவர் நிலைமை என்ன, மறுபடி புதுப்பிக்கும் உரிமை உண்டா, வாடகை பாக்கி நின்றால் அவருடைய சொந்த வீட்டுக்கு ஆபத்து உண்டா என்பதெல்லாம் அங்கேதான் எழுதியிருக்கிறது.

படிக்கவில்லை என்பதைச் சட்டம் ஒரு காரணமாக ஏற்காது. மோசடியோ தவறான தகவலோ இல்லாதவரை, கையெழுத்திட்டவர் அதற்குக் கட்டுப்பட்டவர். தவறான தகவல் தந்திருந்தாலும்கூட மலேசிய ஒப்பந்தச் சட்டத்தின் 19ஆவது பிரிவு ஒரு கொக்கி வைத்திருக்கிறது: சாதாரண கவனத்தோடு பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும் என்ற நிலையில், பின்னால் வந்து ஒப்பந்தத்தை ரத்து செய்யச் சொல்ல முடியாது. “எல்லாம் போன தடவை மாதிரிதான்” என்று தம்பி சொன்னார் என்று நீதிமன்றத்தில் முறையிட்டால், பக்கத்தைப் புரட்டிப் பார்க்க உங்களை யார் தடுத்தது என்ற கேள்விதான் திரும்பி வரும்.

1872இல் தொடங்கிய சட்டம்

நம்மை ஆளும் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் மூலம் இந்தியா. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தை ஒட்டி, 1899இல் இணைக்கப்பட்ட மலாய் மாநிலங்களில் ஒரு சட்டம் வந்தது. அதன் வாரிசுதான் இன்றைய சட்டம். பினாங்கின் கதை வேறு. 1807ஆம் ஆண்டின் அரச சாசனம் வழியாக இங்கே வந்தது இங்கிலாந்துச் சட்டம். 1974 ஜூலை 1ஆம் தேதியிலிருந்துதான் ஒப்பந்தச் சட்டம் பினாங்குக்கும் பொருந்தியது.

இதனால் இன்றும் மெட்ராஸ் உயர்நீதிமன்றத்தின் பழைய தீர்ப்புகள் கோலாலம்பூரில் மேற்கோளாகின்றன. 1882ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கையில் உள்ள சின்னையா வழக்கு அவற்றில் ஒன்று. ஒரு தாய் மகளுக்குச் சொத்தை எழுதிக் கொடுக்கிறார். தன் உடன்பிறப்புக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை தர வேண்டும் என்பது நிபந்தனை. தருவதாக மகளும் எழுதிக் கொடுக்கிறார். பிறகு, “நீங்கள் எனக்கு எதுவும் தரவில்லையே” என்று கைவிரிக்கிறார். தாய் கொடுத்த சொத்தே போதுமான கைம்மாறு என்றது நீதிமன்றம். கைம்மாறு இன்னாரிடமிருந்துதான் வர வேண்டும் என்ற கட்டாயம் நம் சட்டத்திலும் இல்லை.

சட்டத்தின் 10ஆவது பிரிவு கேட்பது கொஞ்சம்தான். இருதரப்பும் மனமொப்பிச் சம்மதித்திருக்க வேண்டும். 18 வயது நிறைந்த, சித்த சுவாதீனமுள்ளவர்களாக இருக்க வேண்டும். கைம்மாறும் நோக்கமும் சட்டத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும். எழுத்தில் இருக்க வேண்டும் என்று அது பொதுவாகக் கேட்கவில்லை.

வாய்ச்சொல் செல்லும், நிரூபிக்க வேண்டுமே!

“பேப்பர் இல்லையே, ஒன்னும் பண்ண முடியாது” என்று நம்மவர்கள் பலர் கடனைக் கைகழுவுகிறார்கள். இது தவறு. கல்யாண மண்டபத்துக்குச் சாப்பாடு ஏற்றிக் கொடுத்தவர், வாய்ப்பேச்சில் பேசிய பணத்துக்கு வழக்குப் போடலாம். ஆனால் என்ன பேசினோம் என்பதை நிரூபிக்கும் பாரம் அவர் தலையில். பேசிய இருவருமே உயிரோடு, நினைவோடு, நேர்மையோடு இருக்கும்வரை சிக்கல் இல்லை. அப்பா பேசியதை மகன் ஏற்காதபோது, கூட்டாளி இறந்து அவர் மனைவி கணக்குக் கேட்கும்போது, சாட்சிக்கு யாரும் இருப்பதில்லை.

வாட்ஸ்அப் வந்த பிறகு சாட்சி நம் சட்டைப்பையிலேயே இருக்கிறது. 2006ஆம் ஆண்டு மின்வணிகச் சட்டப்படி, மின்னணுச் செய்தி என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஒப்பந்தத்தைச் செல்லாது என்று ஒதுக்க முடியாது. இது இருபுறமும் வெட்டும். கனடாவின் சஸ்கச்சுவான் மாநிலத்தில் 2023இல் வந்த தீர்ப்பு உலகெங்கும் பேசப்பட்டது. தானிய வியாபாரி ஒருவர் ஆளி விதைக்கான ஒப்பந்தத்தைப் படமெடுத்து விவசாயிக்கு அனுப்பினார். விவசாயி கட்டைவிரலை உயர்த்தும் குறியைப் பதிலாக அனுப்பினார், விதை வரவில்லை. “பார்த்தேன் என்றுதான் பொருள்” என்ற வாதத்தை நீதிபதி ஏற்கவில்லை. 82,000 கனடிய டாலருக்கு மேல் கொடுக்க நேர்ந்தது. கனடாத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் சப்ளையர் விலை அனுப்பினால், பார்த்துவிட்டேன் என்பதற்கும் சரி என்பதற்கும் ஒரே குறியை அழுத்தும் பழக்கம் வேண்டாம்.

பொருளும் அளவும் விலையும் தேதியும் பேசி முடித்த அன்றே, “அண்ணே, நாம பேசினது இதுதான்” என்று நான்கு வரி அனுப்பி, அவரிடமிருந்து “சரி” என்று ஒரு பதில் வாங்கிவிடுங்கள். உறவு கெடாது, ஆதாரமும் கைக்கு வந்துவிடும்.

மூன்று வருட வாடகை

ஜோர்ஜ்டவுன் வியாபாரியின் மிகப் பெரிய ஒப்பந்தம் அவருடைய கடை வாடகைதான். இந்த நகரத்துக்கு அதில் ஒரு வடு உண்டு. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் இருந்த பழைய கட்டடங்கள் நாட்டிலேயே அதிகம் இங்கேதான் இருந்தன. 1997இல் இயற்றிய நீக்கச் சட்டத்தின்படி, 2000ஆம் ஆண்டு பிறந்தபோது அந்தப் பாதுகாப்பு முற்றாகப் போனது. தலைமுறையாக ஒரே வாடகையில் இருந்தவர்கள் ஒரே நாளில் சந்தை விலைக்கு முன்னால் நின்றார்கள். தாத்தா காலத்திலிருந்து இருக்கிறோம் என்பது உரிமையாகாது என்று அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. 2008 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தகுதி வந்ததும் கடைவீடுகளுக்கு முதலீட்டாளர்கள் வரிசைகட்டினார்கள். அதன்பிறகு வாடகைக்காரருக்கு இருக்கும் ஒரே அரண் ஒப்பந்தக் காகிதம்தான்.

அந்தக் காகிதம் எவ்வளவு தாங்கும்? மூன்று வருடத்துக்கு மேற்படாத வாடகையை நில அலுவலகத்தில் பதிய வேண்டியதில்லை. பெரும்பாலான கடைகள் இரண்டு வருடம், மூன்று வருடம் என்று எழுதுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் தேசிய நிலச் சட்டத்தின் 213ஆவது பிரிவில் ஒரு பள்ளம் இருக்கிறது. பதிவில்லாத அந்த வாடகை குறித்து நிலப்பட்டாவில் குறிப்பு ஏற்றப்படவில்லை என்றால், கட்டடத்தை வாங்கிப் பெயர் மாற்றிக்கொள்ளும் புதிய உரிமையாளரை அது கட்டுப்படுத்தாது. அதாவது, இன்னும் இரண்டு வருடம் பாக்கி இருக்கும் ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டே நீங்கள் கடையைக் காலி செய்ய நேரலாம். அலமாரி, குளிர்சாதனம், பெயர்ப்பலகை என்று போட்ட பணத்துக்குப் பழைய உரிமையாளர் பின்னால் அலைய வேண்டும். ஒப்பந்தத்தில் அதற்கு ஒரு வரி இல்லாவிட்டால் அந்த அலைச்சலும் கடினமாகிவிடும்.

இதற்கு வழி இருக்கிறது. அதே சட்டத்தின் 316ஆவது பிரிவின்கீழ் நில அலுவலகத்தில் குறிப்பு ஏற்றக் கேட்கலாம். உரிமையாளர் ஒத்துழைத்தால்தான் வேலை எளிது. ஆகவே, குறிப்பு ஏற்ற ஒத்துழைப்பேன், விற்றாலும் இந்த வாடகைக்கு உட்பட்டே விற்பேன் என்ற இரண்டு வாக்கையும் கையெழுத்துக்கு முன்பே ஒப்பந்தத்தில் கேட்டு வாங்குங்கள். சாவி கைமாறிய பிறகு கேட்டால் யார் தருவார்கள்?

புதுப்பிக்கும் உரிமை பற்றிய வரியில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். “இருதரப்பும் பேசி முடிவு செய்யும் வாடகையில் மேலும் மூன்று வருடம்” என்று எழுதியிருந்தால் மனசு நிம்மதியாகிவிடுகிறது. 1916ஆம் ஆண்டு கருப்பன் செட்டி வழக்கை இங்கே சொல்லியாக வேண்டும். மாதம் 35 டாலர் வாடகைக்கு, விரும்பும் காலம்வரை குத்தகை என்பது அதிலிருந்த ஏற்பாடு. காலம் எவ்வளவு என்று நிச்சயமில்லை, எனவே செல்லாது என்று தீர்ப்பானது. அங்கே காலம் தெளிவில்லை. மேலே சொன்ன வரியில் வாடகை தெளிவில்லை. வாடகை எவ்வளவு, அல்லது அதிகபட்சம் எத்தனை விழுக்காடு ஏறும், எந்தத் தேதிக்குள் எழுத்தில் கேட்க வேண்டும் என்ற மூன்றும் இல்லாத புதுப்பிப்பு உரிமையை நம்பிக் கடன் வாங்கிக் கடையை அலங்கரிக்காதீர்கள்.

ஒப்பந்தம் முடிந்தும் கடையில் உட்கார்ந்திருந்தால், 1956ஆம் ஆண்டு குடிமைச் சட்டப்படி உரிமையாளர் இரட்டை வாடகை கேட்கலாம். வாடகை பாக்கிக்குக் கடைச் சரக்கை ஜப்தி செய்ய 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நீதிமன்ற ஆணையும் வாங்கலாம். ஆனால் அவரே பூட்டை மாற்றவோ மின்சாரத்தை வெட்டி விரட்டவோ கூடாது. வாடகைக் காலம் முடிந்திருந்தாலும் நீதிமன்றம் வழியாகத்தான் இடத்தை மீட்க வேண்டும் என்கிறது 1950ஆம் ஆண்டு குறித்த நிவாரணச் சட்டத்தின் 7ஆவது பிரிவு. விடிகாலையில் புதுப் பூட்டைக் கண்டு அழுதுகொண்டு நிற்பவர்களுக்கு இந்த ஒரு பிரிவு தெரிந்திருந்தால் போதும்.

பெட்டிச் செய்தி: முத்திரை வரி

• கையெழுத்தான நாளிலிருந்து 30 நாளுக்குள் ஒப்பந்தத்துக்கு முத்திரையிட வேண்டும்.
• முத்திரையில்லா ஒப்பந்தம் செல்லாததாகிவிடாது. ஆனால் வரியும் அபராதமும் கட்டும்வரை நீதிமன்றம் அதை ஆதாரமாக ஏற்காது.
• தாமத அபராதம்: 3 மாதத்துக்குள் என்றால் 50 வெள்ளி அல்லது வரியில் 10 விழுக்காடு, அதற்கு மேல் 100 வெள்ளி அல்லது 20 விழுக்காடு. எது அதிகமோ அது.
• 2026 ஜனவரி 1 முதல் வாடகை ஒப்பந்தங்களுக்குச் சுயமதிப்பீட்டு முறை. கணக்குத் தவறினால் பொறுப்பு நம்முடையது.

டெபாசிட் யாருக்கு?

ஒப்பந்தத்தை முறித்தால் கட்டிய பணமெல்லாம் போய்விடும் என்று எழுதுவது இங்கே சர்வசாதாரணம். இதில் சட்டத்தின் போக்கை மாற்றிய வழக்கு, இரண்டு தமிழ் மருத்துவர்களுக்கு இடையே நடந்தது. ஒருவருடைய கிளினிக்கை 1,20,000 வெள்ளிக்கு வாங்க மற்றவர் ஒப்புக்கொண்டார். முன்பணம் 12,000, பிறகு தவணைகளாக 84,000. வியாபாரம் முறிந்தது. 1995இல் கூட்டரசு நீதிமன்றம், முன்பணத்தை மட்டும் விற்பவர் வைத்துக்கொள்ளட்டும், தவணைப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றது. ஒப்பந்தத்தில் ஒரு தொகை எழுதியிருந்தாலும், ஒப்பந்தச் சட்டத்தின் 75ஆவது பிரிவின்கீழ் உண்மையில் எவ்வளவு நட்டம் என்று காட்ட வேண்டும் என்பது செல்வகுமார் வழக்கு வகுத்த விதி. இருபது ஆண்டுகளுக்கு மேல் அது நிலைத்தது.

2019ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கையில் இடம்பெற்ற கியூபிக் எலக்ட்ரானிக்ஸ் வழக்கில் அதே நீதிமன்றம் திசையை மாற்றியது. 90 மில்லியன் வெள்ளி நில விற்பனை ஒன்றில், வாங்குபவர் கட்டிய மூன்று மில்லியன் வெள்ளிக்கும் மேற்பட்ட டெபாசிட்டை விற்பவர் வைத்துக்கொண்டது சரி என்று தீர்ப்பானது. எல்லா வழக்கிலும் நட்டத்தைக் கணக்கிட்டுக் காட்டத் தேவையில்லை. தொகை நியாயமற்றது என்றால் அதைக் காட்டும் பாரம் ஒப்பந்தத்தை முறித்தவருடையது.

சிறு வணிகருக்கு இதனால் வந்த மாற்றம் பெரியது. முன்பு, “எவ்வளவு நட்டம், காட்டு” என்று கேட்டுத் தப்பிக்க முடிந்தது. இப்போது தாமதத்துக்கு நாளுக்கு இவ்வளவு என்று எழுதிய வரியில் கையெழுத்துப் போட்டால், அது அநியாயம் என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். புதுப்பிப்பு வேலை எடுக்கும் குத்தகைக்காரர்களும் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்குப் பொருள் கொடுப்பவர்களும் இந்த எண்ணை முதலில் தேடிப் படியுங்கள்.

ஆனாலும் கையெழுத்திட்ட எல்லாமே நிற்கும் என்று மனம் தளர வேண்டியதில்லை. 2018 டிசம்பரில் சிஐஎம்பி வங்கி வழக்கில், வங்கி எதற்கும் பொறுப்பில்லை என்ற வரியைக் கூட்டரசு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நீதிமன்றத்தை நாடும் வழியையே அடைக்கும் ஒப்பந்தம் 29ஆவது பிரிவின்படி செல்லாது.

சென்டிரியான் பெர்ஹாட் காப்பாற்றாத இடம்

கம்பெனியாகப் பதிந்துவிட்டால் சொந்தச் சொத்துக்கு ஆபத்தில்லை என்பது பாதி உண்மை. வங்கியும் கட்டட உரிமையாளரும் பெரிய சப்ளையரும் இயக்குநரின் தனிப்பட்ட உத்தரவாதத்தைக் கேட்பார்கள். அது பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் இருக்கும். அதில் கையெழுத்திட்டவரின் பொறுப்பு கடன்காரரின் பொறுப்புக்குச் சமம் என்கிறது 81ஆவது பிரிவு. கம்பெனியைத் துரத்திவிட்டுத்தான் உங்களிடம் வர வேண்டும் என்பதும் இல்லை.

2017 அக்டோபரில் திவால் சட்டம் திருத்தப்பட்டபோது, லாபநோக்கில்லாமல் ஒருவரின் வீட்டுக் கடனுக்கோ படிப்புக் கடனுக்கோ ஜாமீன் நின்றவர்களுக்குப் பாதுகாப்புக் கிடைத்தது. வியாபாரத்துக்கு உத்தரவாதம் தந்தவருக்கு அந்த முழுப் பாதுகாப்பு இல்லை. கடன் கொடுத்தவர், கடன் வாங்கியவரிடம் வசூலிக்கும் வழிகளை எல்லாம் பார்த்துவிட்டு, நீதிமன்ற அனுமதி பெற்று வர வேண்டும் என்ற தடுப்பு மட்டும் உண்டு. திவால் வரம்பு இப்போது 1,00,000 வெள்ளி. மனைவி பெயரை இயக்குநராகப் போட்டுவிட்டு, அவர் கையெழுத்தையும் உத்தரவாதத்தில் வாங்கித் தருபவர்கள் வீட்டின் இரண்டு தூணையும் ஒன்றாக அடகு வைக்கிறார்கள். இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். அந்தப் பெண்களிடம் அது என்ன காகிதம் என்று சொல்லிவிட்டாவது கையெழுத்துக் கேளுங்கள்.

தொழிலாளர் பக்கம் ஒரு சிறு குறிப்பு. வேலையை விட்டுப் போகும் சமையல்காரர் பக்கத்தில் கடை போடக்கூடாது என்று எழுதி வாங்குபவர்கள் உண்டு. 28ஆவது பிரிவின்படி அந்தத் தடை செல்லாது. கடையையே அதன் நற்பெயரோடு விற்றவரை நியாயமான எல்லைக்குள் தடுக்கலாம்.

பெட்டிச் செய்தி: வழக்கு என்றால் எங்கே?

• ஒப்பந்த வழக்குக்கான காலவரம்பு 6 ஆண்டு.
• 5,000 வெள்ளிவரை தனிநபர் சிறு கோரிக்கை: மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில், வழக்கறிஞர் இல்லாமல் தானே தொடுக்கலாம்.
• 1,00,000 வெள்ளிவரை மாஜிஸ்திரேட் நீதிமன்றம். 10 லட்சம் வெள்ளிவரை செஷன்ஸ் நீதிமன்றம். வாடகை வழக்குகளுக்கு செஷன்ஸில் தொகை வரம்பு இல்லை.

கிட்டங்கிக்காரர்கள் எழுதினார்கள்

“நம்ம ஆளுங்க நாக்கு சுத்தம், பேப்பர் எதுக்கு?” என்று பெருமையாகச் சொல்வார்கள். இதே பினாங்கு ஸ்திரீட்டில் கிட்டங்கி வைத்திருந்த நகரத்தார் அப்படி இருக்கவில்லை. சொந்தச் சாதிக்காரர், சொந்த ஊர்க்காரர், பங்காளி மகன் என்றாலும், மூன்று ஆண்டுக் கணக்குக்குக் கப்பலேறும் ஏஜெண்டுக்குச் சம்பளச் சீட்டு எழுதினார்கள். சம்பளம் எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, எத்தனை காலம் என்பதெல்லாம் ஊரிலேயே முடிவாகிவிடும். பேரேடும் ஐந்தொகையும் ஊருக்குப் போய்ச் சேரும். நம்பிக்கை இருந்ததால்தான் எழுதினார்கள். எழுதியதால் நம்பிக்கை நீடித்தது.

இன்னொரு பக்கமும் நம் வரலாற்றில் உண்டு. கடலுக்கு அக்கரையில், செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோரும் ஒப்பந்தத்தில் வந்தவர்களே. படிக்கத் தெரியாத காகிதத்தில் கைநாட்டு வைத்தார்கள்; அதை மீறினால் தண்டனை. மலாயாவுக்கான இந்திய ஒப்பந்தக் கூலி முறை 1910இல்தான் முடிவுக்கு வந்தது. அவர்களுக்குப் படித்துச் சொல்ல ஆளில்லை. நமக்கு வழக்கறிஞரும் இருக்கிறார், ஆங்கிலம் படித்த பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

வர்த்தக சங்கங்களுக்கு ஒரு கோரிக்கை. தமிழில் ஒரு மாதிரி வாடகை ஒப்பந்தம் தயாரியுங்கள். பக்கத்தில் ஆங்கிலமும் மலாயும் இருக்கட்டும். விற்பனை, புதுப்பிப்பு, உத்தரவாதம், அபராதம் ஆகிய நான்கு வரிகளுக்கும் விளக்கம் எழுதிக் கடை கடையாகக் கொடுங்கள். தீபாவளி விருந்தில் செலவாகும் பணத்தில் ஒரு பங்கு போதும்.

கடைக்காரர்களுக்கு: உங்கள் ஒப்பந்தம் முடியும் தேதியை இன்று இரவே எடுத்துப் பாருங்கள். ஆறு மாதம் இருக்கும்போதே பேச்சைத் தொடங்குங்கள். புதிய காகிதம் வந்தால் ஒரு வார அவகாசம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.